ஐந்தருவிக் கரையில் படித்த இங்கிலீஷ்

போன மாதம் இளைஞர் ஒருவர் என் வீடு தேடி வந்தார். புதிதாக வேலையில் சேர்ந்த சப்-இன்ஸ்பெக்டர், தூரத்து உறவும்கூட. கவாத்து மைதானத்தில் பழைய இங்கிலீஷ் கட்டளைகளை எடுத்துவிட்டு வேறு வார்த்தைகள் போட்டுவிட்டார்களாம். பழகின கால் புது வார்த்தைக்குத் திரும்ப மாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பேச்சு சுற்றிச் சுற்றி என் பக்கம் வந்தது.

"ஐயா, நீங்க எட்டாங்கிளாஸோட நின்னவங்கன்னு சொல்லுதாங்க. ஆனா துரைமார்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவீங்களாம். எங்கன படிச்சீங்க?"

"ஐந்தருவியில."

"அங்கன பள்ளிக்கூடம் இருந்துதா?"

"இல்ல. அருவிதான் இருந்துது."

கிழவர் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தார். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் சொன்னது கிண்டல் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் விவரமாகச் சொல்லியிருப்பேன். அவர் உட்காராததால் எழுத வேண்டியதாகிவிட்டது.

என் ஊர் அச்சன்புதூர். வயல் வேலையில் நாட்டம் இல்லை, மேலே படிக்க வழி இல்லை. உயரமும் மார்பு அகலமும் இருந்ததால் போலீஸில் எடுத்துக்கொண்டார்கள். அது இருபதுகளின் கடைசி. பயிற்சிப் பள்ளியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் கவாத்து, நடுவில் சட்டம், சாயங்காலம் மறுபடியும் கவாத்து. சட்டத்தைத் தமிழில் சொன்னார்கள். கவாத்துக் கட்டளை மட்டும் இங்கிலீஷ். 'அபௌட் டர்ன்' என்றால் உடம்பு பின்பக்கம் திரும்பும். 'குவிக் மார்ச்' என்றால் கால் நடக்கும். அர்த்தத்தை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் ஒருநாள் கேட்டேன்: "டர்ன்னா திரும்புன்னு தெரியுது வாத்தியாரே, அபௌட்னா என்ன?" கவாத்து வாத்தியார் என்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஓடிக்கொண்டே யோசித்தேன். விடை வரவில்லை. ஆனால் இந்த மொழிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்கிற அரிப்பு அன்றைக்குப் பிடித்தது.

முப்பதுகளில் எனக்குக் குற்றாலத்தில் சீசன் டியூட்டி போட்டார்கள். சாரல் விழத் தொடங்கிவிட்டால் அங்கே எல்லா ஜாதி ஜனமும் வந்து இறங்கும். எஸ்டேட் துரைமார், திருவனந்தபுரத்துப் பெரிய குடும்பங்கள், மதராஸ் வக்கீல்கள் என்று பாதிப்பேர் எங்களிடம் இங்கிலீஷில்தான் வழி கேட்பார்கள். எங்கள் ஆட்களிடம் இருந்தது 'எஸ் சார்', 'நோ சார்' என்கிற இரண்டு பதில்தான். எது எங்கே பொருந்தும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். பெண்கள் உடை மாற்றும் இடம் எங்கே என்று ஒரு துரைசானி கேட்டதற்கு, எங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் 'எஸ் மேடம்' என்று சல்யூட் அடித்து அசையாமல் நின்றார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே தேடிப் போனார்.

அதைச் சப்-இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி பார்த்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டைக்காரர். மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல். கத்தாத போலீஸ் அதிகாரியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்ததையே மறுபடியும் துடைப்பார். சாரலுக்காக ஒரு கறுப்புக் குடை எப்போதும் கையில் இருக்கும். அன்று கண்ணாடியைத் துடைத்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"சண்முகவேல், நீரு எட்டாங்கிளாஸ்லா?"

"ஆமாய்யா."

"நாளையிலேந்து இவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடும் வே. எனக்குத் தொண்டை கிடையாது, உமக்கு இருக்கு. பாடத்த நான் சொல்லுதேன், சத்தத்த நீரு போடும்."

இப்படித்தான் நான் வாத்தியாரானேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு உள்ளங்கையில் அடங்கும். முந்தின நாள் சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் எனக்குச் சொல்லித் தருவதை மறுநாள் காலை நான் மற்றவர்களுக்குச் சொல்வேன். ஒரு பாடம் மட்டுமே முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

பாடம் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சீசனில் எங்களுக்கு வேலையே ஐந்தருவியில்தான். கூட்டம் சேருவதற்கு முன்னால், காலையில், அருவிக்கு எதிரே உள்ள பாறையில் எல்லாரும் வரிசையாக நிற்போம். உட்கார்ந்து படிப்பது என்பது எங்கள் ஆட்களுக்கு ஒத்துவராது. பலகையும் சிலேட்டும் கொடுத்துப் பார்த்தோம், தூக்கம்தான் வந்தது. அதனால் சப்-இன்ஸ்பெக்டர் கவாத்து மாதிரியே ஆக்கிவிட்டார். நான் ஒரு சாமானின் பேரை உரக்கச் சொல்வேன். வரிசை முழுவதும் திருப்பிச் சொல்லும். பிறகு ஒவ்வொருவராக ஓர் அடி முன்னால் வந்து அந்தச் சாமானைத் தொட்டு, 'திஸ் இஸ் எ ரோப்', 'திஸ் இஸ் எ டவல்' என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நிற்க வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் அருவியின் மறுபக்கத்தில் நிற்பார். அருவிச் சத்தத்தைத் தாண்டி அவர் காதில் விழுந்தால் குடையை உயர்த்துவார். குடை உயராவிட்டால் பாஸ் இல்லை, மறுபடியும் சொல்ல வேண்டும். குளிக்க வந்தவர்கள் எண்ணெய் தேய்த்தபடி வேடிக்கை பார்ப்பார்கள். சில பேர் கூடவே சொல்லிப் பார்ப்பார்கள்.

அந்த வரிசையில் முதல் ஆள் மாடசாமி அண்ணாச்சி. சுரண்டைக்காரர். என்னைவிட ரொம்ப மூத்தவர். கவாத்தில் அவரை அடித்துக்கொள்ள ஜில்லாவில் ஆள் கிடையாது. அவர் கட்டளை கொடுத்தால் பக்கத்துத் தோப்பில் மாடு நின்றுவிடும் என்று சொல்வார்கள். அப்போது ஆக்டிங் ஏட்டாக இருந்தார். அதாவது சட்டைக் கையில் ஏட்டுக்குரிய கோடு தைத்தாயிற்று, ஆனால் உறுதியாகவில்லை. இனிமேல் ஏட்டு ஆகிறவர்களுக்கு எளிய இங்கிலீஷ் பேசவும் புரியவும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஜில்லா சூப்பிரண்டு துரை உத்தரவு போட்டிருந்தார். சீசன் முடிவதற்குள் துரையே நேரில் வந்து பரீட்சை வைப்பார். தேறாவிட்டால் கோட்டைப் பிரித்துவிட்டுப் பழையபடி கான்ஸ்டபிள். வயசுக் கணக்குப்படி அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஊரில் அவரை ஏட்டையா என்றும், அவர் வீட்டம்மாளை ஏட்டம்மா என்றும் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"கோட்டப் பிரிச்சிரலாம் தம்பி. தையல் பிரிச்ச எடம் வெளுக்காம இருக்கும் பாத்துக்கிடும், அதத்தான் மறைக்க முடியாது" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர் படிக்காதவர் இல்லை, யோசிக்கிறவர். அதுதான் தொந்தரவு. மற்றவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் ஒவ்வொரு வார்த்தையையும் விசாரணைக்கு எடுத்துக்கொள்வார். வயலில் நிற்கிற நெல்லும் ரைஸ், அளந்து வாங்குகிற அரிசியும் ரைஸ், இலையில் விழுகிற சோறும் ரைஸ் என்று நான் சொன்ன அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்ப களவு போனது எதுன்னு எப்படித் தம்பி கண்டுபிடிப்பாங்க?" என்றார். அங்கிள் என்ற வார்த்தை வந்தபோது பாடமே நின்றுவிட்டது.

"மாமன் அடிச்சாலும் அங்கிள், சித்தப்பன் அடிச்சாலும் அங்கிளா?"

"ஆமா அண்ணாச்சி."

"அது எப்படி? சித்தப்பன் அடிச்சா சொத்துத் தகராறு. மாமன் அடிச்சா பொண்ணு குடுக்கல் வாங்கல். விசாரணையே வேறல்லா."

சாயங்காலம் இதைச் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "அவங்க ஊர்ல சித்தப்பனும் மாமனும் அடிக்க மாட்டாங்க போல இருக்கு வே" என்றார். நான் என் பழைய கேள்வியையும் கேட்டேன். அபௌட் என்றால் 'பற்றி' என்றும் சொல்லலாம், 'சுற்றி' என்றும் சொல்லலாம் என்றார். சுற்றித் திரும்பு. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுதான் என்று தெரிந்ததில் சந்தோஷமாகவும் இருந்தது.

சாமான்களின் பேர் முடிந்து, ஆட்களிடம் பேசுகிற பாடத்துக்கு வந்தோம். 'வா' என்றால் கம். 'போ' என்றால் கோ. அங்கேதான் மாடசாமி அண்ணாச்சி உறுதியாக நின்றுவிட்டார்.

"வாங்கன்னா?"

"அதுவும் கம்தான்."

"தம்பி, நல்லா விசாரிச்சுச் சொல்லும். எம் பிள்ளையக் கூப்பிடவும் கம், துரையக் கூப்பிடவும் கம்மா?"

அன்று சப்-இன்ஸ்பெக்டரே மறுபக்கத்திலிருந்து நடந்து வந்தார். "இங்கிலீஷ்ல மரியாத தனியா வரும் வே. முன்னால ப்ளீஸ் போடும், பின்னால சார் போடும். இன்னும் வேணும்னா கைண்ட்லி போடும். நடுவுல கம் இருந்துட்டுப் போகுது."

"முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன் நடந்தா, வண்டிக்குள்ள இருக்கிறவன் பெரிய ஆளாயிருவானாய்யா?"

சப்-இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. சிரித்துவிட்டார். ஆனாலும் பாடம் பாடம்தான். 'சார், ப்ளீஸ் கைண்ட்லி கம் அவுட்' என்று ஒரு வாக்கியம் கொடுத்தார். அருவியில் நிற்கிற பெரிய மனுஷர்களை வெளியே கூப்பிட எங்களுக்கு அன்றாடம் வேண்டிய வாக்கியம் அது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கண்டேன். 'திஸ் இஸ் எ ரோப்' என்று மாடசாமி அண்ணாச்சி சொன்னால் குடை உடனே உயரும். கவாத்துக் கட்டளை கொடுத்தால் அவர் முடிப்பதற்கு முன்னாலேயே உயர்ந்துவிடும். ஆனால் 'சார், ப்ளீஸ்' என்று ஆரம்பித்ததும் அவர் முதுகு தானாக வளைந்தது, கை வாய்ப்பக்கம் போனது, குரல் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லவைத்தோம். நாள்கணக்கில் சொல்லவைத்தோம். குடை ஒரு தடவைகூட அசையவில்லை.

"சத்தமாச் சொல்லும் அண்ணாச்சி."

"பெரியவங்ககிட்டச் சத்தமாப் பேசுதது எப்படித் தம்பி? அது பேச்சா, சண்டையா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மேலதிகாரி முன்னால் யார் உரக்கப் பேசினார்கள்? மரியாதை கூடக் கூடக் குரல் குறையும். அதை யாரும் சொல்லித் தருவதில்லை, பால் குடிக்கிற வயசிலேயே உடம்பில் ஏறிவிடுகிறது. மற்றவர்களுக்கும் குரல் தணிந்ததுதான், ஆனால் பழகப் பழகக் கொஞ்சம் மேலே வந்தது. இவருக்கு மட்டும் வரவே இல்லை. கடைசியில் பரீட்சைக்கு முந்தின நாளும் வந்துவிட்டது.

துரை அன்று சாயங்காலமே வந்து பங்களாவில் தங்கினார். மறுநாள் மத்தியானம் பரீட்சை. காலையில் ஐந்தருவியில் குளிக்க வேண்டும் என்றும், தான் குளிக்கும்போது யாரும் பக்கத்தில் வந்து நிற்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் வெயில் அடித்தது. ஆனால் மேலே மலை கறுத்திருந்தது. துரை ஒதுக்குப்புறமான கடைசிப் பிரிவுக்குப் போனார். தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் பாறையில் ஊன்றி அருவிக்குள் தலையைக் கொடுத்தார். மற்றப் பிரிவுகளில் ஊர் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நானும் மாடசாமி அண்ணாச்சியும் இந்தப் பக்கம், சப்-இன்ஸ்பெக்டர் வழக்கம்போல மறுபக்கம்.

"தம்பி, தண்ணியப் பாரும்" என்றார் அண்ணாச்சி.

வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் தேயிலைச் சாயம் கலந்த மாதிரி ஒரு நிறம். இலையும் சுள்ளியும் வர ஆரம்பித்தன. மண் வாசனை அடித்தது.

"மேல கொட்டுது. ஆள வெளிய ஏத்தும், சீக்கிரம்."

விசில் ஊதினோம். கத்தினோம். பழகின ஜனம், தண்ணீர் நிறத்தைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிவிட்டார்கள். துரை மட்டும் அசையவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆண்கள் முறை, பெண்கள் முறை என்று காலையிலிருந்து விசில் ஊதிக்கொண்டேதான் இருந்தோம். அருவியில் நின்று கத்தாத ஆள் யார்? எங்கள் கூச்சலும் அதோடு சேர்ந்துபோயிற்று. துரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறினவர்தான். தமிழ் தெரிந்து என்ன செய்ய, காதில் தனியாக விழ வேண்டுமே.

நான் பாறையில் அடித்திருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் நிற்கிற இடத்துக்குப் போகப் பாறை விளிம்பில் ஒரு வழி; பாதியில் ஒரு வளைவு. அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. வளைவில் கால் வழுக்கிச் சங்கிலியில் தொங்கினேன். அதற்கு மேல் போக முடியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மாடசாமி அண்ணாச்சி கரை ஓரத்தில் முதுகை வளைத்து, கையை வாயருகே வைத்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. சார், ப்ளீஸ் சார், கைண்ட்லி சார். எனக்கே கேட்கவில்லை. மறுபக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்; அவர் குரல் என்றைக்கு அருவியைத் தாண்டியது?

"அண்ணாச்சி, கத்தும்" என்று அலறினேன்.

"கத்துதேன்லா. வரமாட்டேங்கு" என்றார். அதுவாவது கேட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு மனுஷன் எங்கள் கண் முன்னால் போகப் போகிறான், வார்த்தை கையில் இருக்கிறது, அதைத் தூக்கிப் போடக் குரல் இல்லை.

அப்போது அவர் முதுகு நிமிர்ந்தது. குதிகால் இரண்டும் ஒட்டின. கை தொடையோடு சேர்ந்தது. கவாத்து மைதானத்தில் நிற்பதுபோலவே நின்றார்.

"பரே…ட்."

துரையின் தோள் சிலிர்த்தது.

"டென்… ஷன்."

பாறையில் ஊன்றியிருந்த இரண்டு கையும் கீழே இறங்கி உடம்போடு ஒட்டின.

"அபௌ…ட் டர்ன்."

துரை திரும்பினார். நுரை இறங்கி, கண் இறுக மூடியிருந்தது. ஒன்றும் தெரியாமல்தான் திரும்பினார். முகத்தில் கேள்வியே இல்லை. இளம் வயதில் ஏதோ ஒரு சீமை மைதானத்தில் அவரையும் ஒரு கவாத்து வாத்தியார் சுற்றி ஓடவிட்டிருப்பார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

"குவி…க் மார்ச். லெஃப்ட், ரைட், லெஃப்ட்."

முழங்கால் தண்ணீரில் கால் தூக்கி நடந்தார். வளைவு வந்தது. "லெஃப்ட் வீல்" என்றது குரல். கண்ணைத் திறக்காமலே வளைவில் திரும்பினார். சங்கிலியில் ஒட்டிக்கொண்டிருந்த என்னை உரசிக்கொண்டு போனார். அவர் பின்னாலேயே நானும் ஏறினேன். மேட்டில் காய்ந்த பாறைக்கு வந்ததும் "ஹால்ட்" என்றது. நின்றார். மறுபக்கத்தில் கறுப்புக் குடை உயர்ந்து நின்றது. அதை உயர்த்தியதே தனக்குத் தெரியாது என்று சப்-இன்ஸ்பெக்டர் பிற்பாடு சொன்னார்.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அவர் நின்ற இடம் இல்லை. செந்தண்ணீர் மட்டும் இருந்தது. ஒரு முழு மரக்கிளை வந்து அந்தப் பாறையில் மோதிப் போயிற்று. பிறகு மாடசாமி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சல்யூட் அடித்த கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். துரை துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார்.

"போச்சு தம்பி" என்றார் அண்ணாச்சி. "மேலதிகாரிக்கு ஆர்டர் போட்டுட்டேன். இனி கோட்ட மட்டுமா பிரிப்பாங்க, உடுப்பையே உருவிருவாங்க."

"உசிரக் காப்பாத்தியிருக்கீரு அண்ணாச்சி."

"அது வேற, இது வேற."

சப்-இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். ஈரக் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

மத்தியானம் பங்களா வராந்தாவில் பரீட்சை. நான் படிக்குக் கீழே நின்றேன். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. துரை எதிரே ஒரு நாற்காலி போட்டு அண்ணாச்சியை உட்காரச் சொன்னார். மரியாதைக்காகத்தான் சொன்னார். ஆனால் துரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததிலேயே அண்ணாச்சிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பேர் கேட்டார், முணுமுணுப்பு வந்தது. மேஜைமேல் இருந்த கோப்பையைக் காட்டினார், பதில் இல்லை. எங்கள் வரிசையில் கடைசி ஆளுக்கும் தெரிந்த வார்த்தை அது. இன்று காலை என்ன நடந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது துரை எழுந்தார். அண்ணாச்சி உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே பின்னால் இழுத்துப் போட்டார். "அட்டென்ஷன்" என்றார். அண்ணாச்சி விறைத்து நின்றார். "ரிப்போர்ட்" என்றார் துரை.

அருவிக்கரைக் குரல் அங்கே வந்துவிட்டது.

"சார். மார்னிங், சார். வாட்டர் ரெட், சார். லீஃப் கம், சார். மட் ஸ்மெல், சார். ஆல் பீப்பிள் கோ அவுட், சார். ஒன் சார் நாட் கோ, சார்."

சமையல்காரர்கூட வெளியே வந்து எட்டிப் பார்த்தார். துரையின் மீசை ஆடியது. சிரிப்பா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. நீ என்ன செய்தாய் என்று கேட்டார். அண்ணாச்சி பொய் சொல்லாமலும் மரியாதை கெடாமலும் தமக்குத் தெரிந்த வார்த்தைகளை வைத்து ஒரு பதில் கட்டினார்.

"ஐ நாட் டூ, சார். பரேட் டூ, சார்."

துரை மேஜையைச் சுற்றி வந்தார். அண்ணாச்சிக்கு நேர் எதிரே குதிகாலைச் சேர்த்து, கையைத் தொடையில் ஒட்டி, விறைத்து நின்றார். பரீட்சைக்குப் படித்த தமிழை எடுத்து மெதுவாகப் பேசினார்.

"ஏட்டு, காலையில் நீ என்னை நிறுத்தினாய். இன்னும் விடவில்லை. நான் நின்றுகொண்டிருக்கிறேன்."

ஏட்டு என்று அவர் வாயால் சொன்னதை அண்ணாச்சி அப்போது கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணாச்சிக்கு வேறு கவலை. எதிரே துரை கட்டளைக்குக் காத்து நிற்கிறார். கட்டளை கொடுக்காவிட்டால் உத்தரவை மீறினதாகும், கொடுத்தால் மரியாதையை மீறினதாகும். நெற்றி வேர்த்தது. மூச்சை இழுத்தார்.

"ஸ்டாண்ட் அட்… ஈஸ்" என்றார். அது தோட்டத்தைத் தாண்டிப் போயிருக்கும். அதோடு நிற்கவில்லை. முதுகு லேசாக வளைந்தது, கை வாய்ப்பக்கம் போகப் பார்த்தது. "ப்ளீஸ், சார்" என்று உதடு அசைந்தது. அது எனக்குக் கேட்கவில்லை.

துரை காலை அகற்றிக் கையைப் பின்னால் கட்டி நின்றார். சப்-இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்து "பாஸ்" என்றார்.

காலையில் நடந்ததைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. கோடு உறுதியானது. நானும் இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ் படித்து, பிற்பாடு துரைமாருக்கு ரிப்போர்ட் எழுதுகிற அளவுக்கு வந்தேன். சித்தப்பனுக்கும் மாமனுக்கும் ஒரே வார்த்தை எப்படிப் போதுகிறது என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

யுத்த காலத்தில் அண்ணாச்சியின் மகள் கல்யாணத்துக்குச் சுரண்டைக்குப் போயிருந்தேன். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஊரே ஏட்டையா என்றுதான் கூப்பிட்டது. பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்:

"ஏட்டையா, ஐந்தருவியில ஒரு துரைய வெள்ளத்துலேந்து வெளிய வரவச்சியளாமே. அவருக்கோ தமிழ் அரைகுறை. என்னன்னு சொல்லிக் கூப்பிட்டிய?"

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். எதையும் சொல்லிவிடாதே என்று அர்த்தம். சோற்றைப் பிசைந்தபடி, தணிந்த குரலில் சொன்னார்:

"என்னத்தச் சொல்ல? 'வாங்க'ன்னேன். வந்துட்டாரு."